டென்ட்டுக்குள் விடிகாலை மூன்று மணி

கேம்பிங் என்றாலே ஆகாது என்பவரிடம் காரணம் கேட்டால் பூச்சி, குளிர், பாத்ரூம் என்று வரிசையாகச் சொல்வார். கேம்பிங் என்றால் உயிர் என்பவரிடம் கேட்டால் நட்சத்திரம், பனி, அமைதி என்பார். இரண்டு பேரிடமும் வேறொரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது? பிடிக்காதவர் யோசிக்காமல் பதில் சொல்வார். மூன்று மணி, மூன்றரை மணி. அதற்கப்புறம் விடிகிற வரை கூரைத் துணியைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் குறட்டை விடுகிறவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு கிடந்திருப்பார். பிடித்தவருக்கு அந்தக் கேள்வியே விளங்காது. அவர் தூங்கியிருப்பார்.

கேம்பிங் மேல் வருகிற வெறுப்பில் பெரும்பங்கு படுத்த பாயிலிருந்து வருகிறது. மிச்சத்தில் ஒரு பங்கு கழிப்பறையிலிருந்து, இன்னொரு பங்கு யார் சமைத்தார், யார் பாத்திரம் தேய்த்தார் என்பதிலிருந்து. இவற்றையெல்லாம் சரி செய்த பிறகும் 'எனக்கு வேண்டாம்' என்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் நியாயம் இருக்கிறது, அதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் பாய்.

உடம்பின் உட்சூடு ராத்திரி முழுக்க மெல்ல இறங்கி, விடிகாலை நான்கு, ஐந்து மணி வாக்கில் அடிமட்டத்துக்குப் போகும். வெளிக்காற்றும் சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால்தான் மிகவும் குளிரும். 10 மணிக்குப் படுக்கும்போது தாராளமாகத் தோன்றிய போர்வை 3 மணிக்குப் போதாமல் போவது இதனால்தான். மலையில் ஏற ஏற, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி குறையும். வத்தலக்குண்டில் வேர்த்து வழிய டீ குடித்துவிட்டுப் புறப்படுகிறவர், கொடைக்கானலில் 11, 12 டிகிரி குறைந்த ஊரில் போய் இறங்குகிறார். கையில் இருப்பதோ வத்தலக்குண்டுக்கான போர்வை.

இந்தக் குளிருக்கு எல்லோரும் மேலே போர்த்தப் பார்க்கிறார்கள். குளிர் வருவது கீழேயிருந்து. போர்வையோ ஸ்லீப்பிங் பேக்கோ, சூட்டைப் பிடித்து வைப்பது அதற்குள் சிக்கியிருக்கும் காற்று. நம் உடம்பு எடையில் அடிப்பக்கம் நசுங்கியதும் அந்தக் காற்று வெளியேறிவிடும். அடியில் மிஞ்சுவது வெறும் துணி. மண் இரவெல்லாம் நம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதற்கு அலுப்பே கிடையாது. ஆகவே ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் அது டென்ட்டாக இருக்கக் கூடாது, அடியில் விரிக்கும் மேட் (விரிப்பு) ஆக இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டருக்குக் குறையாத, நசுக்கினால் திரும்ப எழும் ஃபோம் மேட். யோகா வகுப்புக்கு வாங்கிய 4 மில்லிமீட்டர் மேட்டை விரித்துவிட்டுக் கேம்பிங்கைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

மேட் வாங்கும்போது ஆர் மதிப்பு என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். குளிர் ஏறாமல் தடுக்கும் திறனுக்கான அளவு அது. ஏற்காடு, ஏலகிரி மாதிரி இடங்களுக்கு 2 இருந்தால் பொதுவாகச் சமாளிக்கலாம். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் போனால் 3, 4 தேவைப்படும். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் மதிப்புகள் கூடும். 2-ம் 2-ம் 4. இன்னொரு மேட் இல்லையென்றால் ஃபிரிட்ஜ், டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து இரண்டு அடுக்காகப் போடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

காற்றடைக்கும் மெத்தை ஒரு பொறி. உள்ளே வெறும் காற்று மட்டும் உள்ள சாதா மெத்தையில் அந்தக் காற்றே சுழன்று சூட்டை மண்ணுக்குக் கடத்திவிடும். சாயங்கால வெயிலில் விறைப்பாக அடைத்த காற்று இரவில் குளிர்ந்து சுருங்கும். மெத்தை தொய்ந்துபோய் இடுப்பு தரையில் படும். பஞ்சர் என்று நினைத்துப் பலர் அதைத் தூக்கி எறிகிறார்கள். படுக்கும் முன், வெளியே குளிர ஆரம்பித்த பிறகு, இன்னும் நாலு ஊது ஊதினால் போதும். மேலே ஒரு ஃபோம் மேட்டும் விரித்துக்கொள்ளுங்கள். மடக்குக் கட்டிலுக்கும் இதே விதி. முட்டி வலிக்காரர்களுக்கும் ஐம்பது தாண்டியவர்களுக்கும் கட்டில் ஒரு வரம், தரையிலிருந்து எழுகிற அவஸ்தை இல்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் குளிர்காற்று ஓடும், அதன் மேலும் மேட் வேண்டும்.

ஸ்லீப்பிங் பேக் மேல் ஒட்டியிருக்கும் டிகிரி எண்ணை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். முறையாகச் சோதித்த பைகளில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என்று மூன்று எண்கள் இருக்கும். ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிலை அதற்கானது. கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு. லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் குறுக்கிச் சுருண்டு படுத்தால் தாக்குப்பிடிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் மிஞ்சுமா என்கிற கணக்கு, அதில் தூக்கத்துக்கே இடமில்லை. மலிவான பைகளில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு எண் போட்டிருந்தால் அது நமக்குச் சாதகமான எண்ணாக இருக்க வாய்ப்பில்லை. எதிர்பார்க்கும் குளிரைவிட 5 டிகிரி கூடுதலாகத் தாங்கும் பையாக, கம்ஃபர்ட் எண்ணைப் பார்த்து வாங்குவது பாதுகாப்பு. ஒரே டென்ட்டில் கணவர் தூங்கிவிட மனைவி நடுங்குவது நடிப்பு இல்லை. அந்தத் தரநிலையே ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி எண் வைத்திருக்கிறது.

படுக்கும் முன் செய்ய வேண்டியவை சில. பகலில் நடந்த டீ-ஷர்ட்டையும் சாக்ஸையும் கட்டாயம் மாற்றுங்கள். வேர்வை ஏறிய பருத்தித் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை இழுக்கும். இரவுக்கென்றே ஒரு ஜோடித் துணியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டித் தனியாக வைத்திருந்து, வேறு எதற்கும் தொடாமலிருப்பது நல்ல பழக்கம். குரங்குக் குல்லாவைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மூடி நன்றாகப் பொருந்தும் ஸ்டீல் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, கவிழ்த்து ஒழுகவில்லை என்று பார்த்து, துண்டில் சுற்றித் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டால் மூன்று, நான்கு மணி நேரம் சூடு நிற்கும். பிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர் பாட்டில் இதற்கு ஆகாது, சூட்டை வெளியே விடாது. ஒரு கடலைமிட்டாய் தின்றுவிட்டுப் படுங்கள், ராத்திரி எரிய வயிற்றில் விறகு வேண்டும்.

கேம்ப் ஃபயர் சூடு தரும் என்ற நம்பிக்கையில் மேட்டையும் பையையும் மறக்கிறவர்கள் உண்டு. தீ முன்பக்கத்தை வேக வைக்கும், முதுகு விறைத்தபடியே இருக்கும். தீ அணைந்த பிறகு வேர்வையோடு போய்ப் படுத்தால் முன்னைவிடக் குளிரும். மது குடித்தால் குளிர் தெரியாது என்பதும் அரைகுறை உண்மை. தோலுக்குக் கீழே ரத்த ஓட்டம் கூடிச் சூடாகத் தோன்றும், அதே வேகத்தில் உடம்பு சூட்டை இழக்கும். மூன்று மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுப்பியும் விடும். கரி அடுப்பையோ தணல் சட்டியையோ கேஸ் அடுப்பையோ டென்ட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

குளிருக்கு அடுத்தது ஈரம். காலையில் டென்ட்டின் உட்புறம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் 'ஒழுகுது, மட்டமான டென்ட்' என்று முடிவுகட்டிவிடுவார்கள். மழையே பெய்யாத இரவிலும் இது நடக்கும். தூங்குகிற ஒருவரின் மூச்சிலும் தோலிலும் ஓர் இரவில் ஒரு டம்ளருக்குக் குறையாத தண்ணீர் ஆவியாக வெளியேறும். மூன்று பேர் என்றால் மூன்று டம்ளர். குளிர்ந்த துணியில் பட்டு அது தண்ணீராகிச் சொட்டுகிறது. இதற்குத் தீர்வு, குளிர்கிறதே என்று மனசு எவ்வளவு மறுத்தாலும் மேலேயுள்ள காற்றுத் துவாரங்களைத் திறந்து வைப்பதுதான். உள்ளே வலை, வெளியே மழைத்துணி என்று இரண்டு அடுக்கு உள்ள டென்ட்டே நம் மலைகளுக்கு ஏற்றது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு கையளவு இடைவெளி இருக்கும்படி கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்து ஒட்டிக்கொண்டால் வெளி ஈரம் உள்ளே இறங்கும். ஈரத் துணியை உள்ளே காயப்போடாதீர்கள்.

அடியில் விரிக்கும் தார்ப்பாயில் பலர் கோட்டை விடுகிறார்கள். டென்ட்டைவிடப் பெரிய தார்ப்பாயை விரித்து, நாலு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். மழை வந்தால் அந்த ஓரத்தில் விழும் தண்ணீரெல்லாம் டென்ட்டுக்கு அடியில் ஓடி வந்து தேங்கும். தார்ப்பாய் டென்ட்டைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் சிறியதாக இருக்க வேண்டும், பெரியதாக இருந்தால் உள்பக்கம் மடித்துவிடுங்கள். 'இரண்டு பேர் டென்ட்' என்று எழுதியிருந்தால் அது இரண்டு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு படுக்கும் டென்ட். ஆட்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வாங்குங்கள்.

இனி, எல்லாம் சரியாக இருந்தும் தூக்கம் வராத விஷயம். புது இடத்தில் முதல் இரவு பலருக்கும் சரியாகத் தூக்கம் வராது. 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் கண்டார்கள். பழகாத இடத்தில் தூங்கும் முதல் இரவில் மூளையின் இடதுபாதி வலதுபாதியைவிடக் கொஞ்சம் விழிப்பாகவே காவல் இருக்கிறது, சின்னச் சத்தத்துக்கும் எழுப்பிவிடுகிறது. அதே இடத்தில் இரண்டாம் முறை தூங்கும்போது அது அடங்கிவிடுகிறது. நம் ஊரில் விற்கிற கேம்பிங் பேக்கேஜ் எல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் போய் ஞாயிறு மதியம் திரும்புவது. அதாவது அந்த மோசமான முதல் இரவை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறோம். அதை வைத்துக்கொண்டு வாழ்நாளுக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஒருவருக்குக் கேம்பிங் ஒத்துவருமா என்று உண்மையிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். இடம் மாற்றினால் முதல் இரவு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஆந்தைக்காரர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். வீட்டில் ஒரு மணி வரை முழித்திருக்கிறவரை எட்டரைக்கு இருட்டில் தள்ளினால் அவர் என்ன செய்வார்? கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மின்விளக்கே இல்லாமல் ஒரு வாரம் மலையில் கூடாரத்தில் இருந்தவர்களின் உடம்புக் கடிகாரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னுக்கு வந்தது. ஒரு வாரம் கிடைத்தால் ஆந்தையும் சேவலாகும். ஒரு நாளில் ஆகாது. அதுவரை அவருக்கு ஒரு சீட்டுக்கட்டும், மற்றவர் கண்ணில் அடிக்காத சிவப்பு வெளிச்ச ஹெட்லேம்ப்பும் கொடுத்து வெளியே உட்காரவிடுங்கள்.

சத்தம் பயமுறுத்துவது பெயர் தெரியாததால். ராத்திரி காட்டோரத்தில் நாய் குரைப்பது மாதிரி ஒற்றைக் குரலில் விட்டுவிட்டுக் கேட்டால் அது பெரும்பாலும் கேளையாடு. எச்சரிக்கை மணி மாதிரிப் பெரிய ஒற்றை ஒலி வந்தால் கடமான். சீராகத் தட்டுவது மாதிரி 'டொக் டொக்' என்றால் பக்கி என்கிற பறவையாக இருக்கலாம். மரக்கிளை பட்பட்டென்று முறியும் சத்தம்தான் கவனிக்க வேண்டியது, யானை மேய்கிறது. டென்ட்டை யாரோ சுற்றி வருவது மாதிரி உரசுகிற சத்தத்தில் பத்துக்கு ஒன்பது, தொய்ந்த துணி காற்றில் அடிப்பது. கயிற்றை இழுத்துக் கட்டினால் பேயும் போய்விடும். முதல்முறை வருகிறவரிடம் சாயங்காலமே இதையெல்லாம் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் பேய்க்கதை சொல்கிறவர்தான் அடுத்த பயணத்துக்கு ஆள் சேராமல் செய்கிறவர்.

கழிப்பறை விஷயத்தை நாசூக்குப் பார்க்காமல் பேசியாக வேண்டும். இடம் எப்படியிருக்குமோ என்ற பயத்தில் பல பெண்கள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ராத்திரி தலைவலி, மறுநாள் மலச்சிக்கல், எரிச்சல். அதற்குப் பிறகு சூரியோதயம் எவ்வளவு சிவப்பாக இருந்து என்ன? முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை டென்ட் போடுவது கிடையாது, கழிப்பிடம் அமைப்பது. பண்ணையிலோ எஸ்டேட்டிலோ கட்டிய கழிப்பறை இருந்தால், எத்தனை பேருக்கு எத்தனை, தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் விளக்கு உண்டா, தண்ணீர் வருமா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். இருபது பேருக்கு ஒரு கழிப்பறை என்றால் காலை ஏழு மணிக்கு அங்கே சண்டைதான்.

இல்லாத இடமென்றால் முகாமிலிருந்தும் ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர், சுமார் 80 எட்டு, தள்ளி இடம் பாருங்கள். களைக்கொட்டால் ஒரு சாண் ஆழம் குழி. அதற்குக் குறைந்தால் பன்றி கிளறும். ஒரு சாண் வரைதான் மண்ணில் மக்கவைக்கும் உயிர்கள் அதிகம், அதனால் ரொம்ப ஆழமும் வேண்டாம். தோண்டிய மண்ணைப் பக்கத்திலேயே குவித்து வைத்துத் திரும்ப மூட வேண்டும். நம் வசதி, தண்ணீரால் கழுவுகிற பழக்கம். அரை லிட்டர் பாட்டில் மூடியில் சூடான ஊசியால் மூன்று துளை போட்டால் கைக்கடக்கமான ஜெட் தயார், காகிதக் குப்பையும் மிஞ்சாது. ஈரத் துடைப்பானும் நாப்கினும் மண்ணில் மக்காது. கறுப்பு உறையில் கட்டி வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் வழி. உறைக்குள் ஒரு ஸ்பூன் காபித்தூள் போட்டால் வாடை அடங்கும். நின்றால் தலை தெரியாத உயரத்தில் நாலு கம்பு, ஒரு பழைய புடவை, உள்ளே தொங்க ஒரு சின்ன விளக்கு. இந்த மூன்றும் இருந்தால் கேம்பிங் பிடிக்காத பெண்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையும் என்பது என் கணக்கு.

மீதிப் பாதிக்கு வேறு காரணம் இருக்கிறது. வீட்டில் மேடையில் நின்று, குழாய்த் தண்ணீரில், இரண்டு பர்னரில் சமைக்கிறவரை மலைக்குக் கூட்டிப்போய், தரையில் குந்தவைத்து, ஒரே அடுப்பில், காற்றில் அணைகிற நெருப்பில், பத்துப் பேருக்குச் சமைக்கச் சொல்லிவிட்டு, 'இயற்கையை அனுபவி' என்றால் எப்படி? வீட்டு வேலை செய்யாதவருக்குத்தான் கேம்பிங்கில் விறகு பொறுக்குவதும் டீ போடுவதும் விளையாட்டாகத் தெரியும். குடும்பமாகப் போகும்போது ஒரே சட்டம் போடுங்கள்: வீட்டில் சமைக்கிறவர் அங்கே கரண்டியைத் தொடக் கூடாது. சாப்பாடு கொஞ்சம் கருகலாம், பரவாயில்லை.

கருகாமலும் செய்யலாம், மலையின் குணம் தெரிந்தால். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர வேகாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு போட்டால் கேஸ்தான் தீரும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று எடுத்துப் போங்கள், அல்லது வேகவைக்கத் தேவையில்லாத சாப்பாட்டுக்குத் திட்டமிடுங்கள். முதல் நாளுக்கு வீட்டிலிருந்தே புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும். பாதயாத்திரைக்காரர்கள் கண்ட வழி அது, கெடாது. ரவையை வீட்டிலேயே எண்ணெயில் தாளித்து, வறுத்து, உப்புப் போட்டு ஆறவைத்து டப்பாவில் அடைத்தால் அங்கே ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு கொதிதண்ணீர் விட்டுக் கிளறுவதோடு வேலை முடிந்தது. ஆளுக்கு 80 கிராம் ரவை. கெட்டி அவல் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறினால் போதும். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 4 லிட்டர், கழுவ இன்னும் 2 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

நீள டப்பா போடுகிற கையடக்கக் கேஸ் அடுப்பு விடியற்காலையில் சிணுங்கும். அதிலுள்ள பியூட்டேன் பூஜ்ஜிய டிகிரியை நெருங்கும்போது ஆவியாக மறுக்கும். டப்பாவை ராத்திரி பைக்குள் உங்களோடு படுக்கவைத்துக்கொண்டால் காலையில் ஒழுங்காக எரியும். காற்றுக்கு மறைப்பு வைக்கும்போது டப்பாவையும் சேர்த்து மூடாதீர்கள், சூடேறி வெடிக்கும். இரவுச் சாப்பாடு ஆறரைக்குள், பாத்திரம் வெளிச்சம் இருக்கும்போதே. மிச்சச் சாப்பாடு டென்ட்டுக்குள் கூடவே கூடாது, கார் டிக்கியில் வைத்துப் பூட்டுங்கள். ஒரு வாழைப்பழத்துக்காகக் குரங்கு ஜிப்பைக் கிழிக்கும், எலி துணியை அரிக்கும். பலாப்பழமும் உப்பும் வெல்லமும் யானையையே அழைக்கும்.

நம் ஊர் அட்சரேகையில் அந்தி சட்டென்று முடிந்துவிடும். ஆறரைக்குச் சூரியன் விழுந்தால் ஏழுக்கு இருட்டு. ஆகவே மாலை 4 மணிக்குள் இடத்தில் இருக்க வேண்டும். பள்ளத்தில் டென்ட் போடாதீர்கள், குளிர்காற்று தண்ணீர் மாதிரி வழிந்து வந்து அங்கேதான் தேங்கும். காய்ந்த ஓடையின் மணல் மெத்தென்றுதான் இருக்கும், மேலே மலையில் மழை பெய்தால் காட்டாறு சொல்லிக்கொண்டு வராது. தைலமரத்துக்கு அடியில் வேண்டாம், காற்றில்லாத நாளிலும் கிளை விழும். கொஞ்சம் சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கம் தலை. முளையை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து 45 டிகிரியில் அடியுங்கள், நேராக அடித்த முளை காற்றில் பிடுங்கிக்கொள்ளும். போடும் முன் அந்த இடத்தில் ஒரு முறை நீங்களே படுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கல் முதுகுக்குத் தெரியும்.

வால்பாறை, மேகமலைப் பக்கம் மழைக்காலத்தில் போனால் அட்டை நிச்சயம். கடித்தாலும் வலிக்காது, கடிக்கும்போதே மரத்துப்போகச் செய்துவிடும். ரத்தம் உறையாமல் நிற்காமல் வருவதுதான் பயமுறுத்துகிறது. பிய்த்து எடுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் வழித்துத் தள்ளி, சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். முழங்கால் வரை நெருக்கமாக நெய்த துணிச் சாக்ஸும் அதன் மேல் புகையிலைத்தூளும் பழைய கைவைத்தியம், பலிக்கிறது. அட்டையைவிடப் பயப்பட வேண்டியது கண்ணில் படாத உண்ணியும் அதன் சின்ன உறவுக்காரப் பூச்சிகளும். புல்லில் நேரடியாக உட்காராதீர்கள், துணியைப் புதரில் காயப்போடாதீர்கள். வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டுக்குப் போய்வந்ததை முதலிலேயே சொல்லுங்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை ஓரங்களில் சிகரெட் சுட்டது மாதிரிக் கறுப்புப் பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸ் என்கிற காய்ச்சலாக இருக்கலாம். நேரத்தோடு கண்டுபிடித்தால் மாத்திரையில் போய்விடும், விட்டால் உயிருக்கே ஆபத்து. நீலகிரியும் வயநாடும் குரங்குக் காய்ச்சல் எட்டிப்பார்த்த பகுதிகள். 1957-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கத்துக் கியாசனூர்க் காட்டில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த நோய் உண்ணியால் பரவுகிறது.

இடம் தேர்வு சட்டத்தையும் சார்ந்தது. தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், டென்ட் அதற்கப்புறம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு விதிகள் இறுகின. பிப்ரவரி முதல் மே வரை போதைப்புல் என்கிற மலைப்புல் காய்ந்து கிடக்கும் சரிவு பெட்ரோல் மாதிரி. தீ சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு ஆள் ஓட முடியாது. 2024 அக்டோபரில் வனத்துறை வழிகாட்டியோடு 40 மலையேற்றப் பாதைகளை முறையாகத் திறந்திருக்கிறது. காட்டைப் பார்க்க அது போதும். தூங்குவதற்குத் தனியார் எஸ்டேட்டோ பண்ணையோ பாருங்கள். அங்கேயும் ஒரு கேள்வி கேளுங்கள்: யானை கடைசியாக எப்போது வந்தது? 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் காட்டை ஒட்டிய தங்குமிடம் ஒன்றில் கூடாரத்தில் தங்க வந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். 'இங்க அதெல்லாம் வராது சார்' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவரைவிட, 'போன மாசம் வந்துச்சு, அதனால இந்தப் பக்கம் போடாதீங்க' என்பவரை நம்பலாம். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும், தண்ணீர்ப் பிளாஸ்டிக் பாட்டில்கள் சோதனைச்சாவடியில் பறிபோகும். ஸ்டீல் கேன் எடுத்துப் போங்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்தும் சிலருக்குப் பிடிக்காது. கூரை ஒழுகும் வீட்டில், சாணித்தரையில், பாம்புக்குப் பயந்து ராத்திரி ஒதுங்கப் போய் வளர்ந்த ஒருவர், பாடுபட்டுக் கட்டிலும் ஓட்டுவீடும் டைல்ஸ் போட்ட கழிப்பறையும் கட்டியிருக்கிறார். அவரை மறுபடி தரையில் படுக்கவைத்து, அதற்குத் தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தோம் என்று சொன்னால் அவர் சிரிப்பதற்கு முழு உரிமை இருக்கிறது. கஷ்டத்தை விட்டு வந்தவருக்கு அது சாகசமாகத் தெரியாது. அதே மனிதர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து சாலையோரத்தில் துண்டை விரித்துப் படுப்பார், மாசி பங்குனியில் மூங்கில் கம்பை ஊன்றி வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறிப் பாறையில் சுருண்டு கிடப்பார். முணுமுணுக்க மாட்டார். உடம்பு படுகிற பாடு ஒன்றுதான், போகிற காரணம் வேறு. ஆகவே வீட்டுப் பெரியவர்களை வற்புறுத்தாதீர்கள். பக்கத்தில் ஒரு அறை எடுத்துக் கொடுத்து, சாயங்காலம் தீயருகில் உட்காரவைத்து, ஒன்பது மணிக்கு அவர்கள் கட்டிலுக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

இன்னொரு வகை, ப்ளூடூத் ஸ்பீக்கரோடு வருகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது திறந்தவெளிக் கொண்டாட்டம். அமைதிக்கு வந்தவரும் ஆட்டத்துக்கு வந்தவரும் ஒரே குழுவில் இருந்தால் இரண்டு பேருக்குமே கேம்பிங் கசந்துபோகும். புறப்படும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. குறட்டைக்காரரின் டென்ட்டைப் பத்தடி தள்ளி, காற்று போகும் திசையில் போடுங்கள், மற்றவர்களுக்குக் காதடைப்பான்.

முதல்முறை போகிறவர்கள் மலைக்குப் போகும் முன் ஒரு மார்கழி ராத்திரி மொட்டைமாடியில் ஒத்திகை பாருங்கள். மாடியில் முளை அடிக்க முடியாது, செங்கலில் கயிற்றைக் கட்டுங்கள். டென்ட் போட எவ்வளவு நேரம், எந்தக் கம்பி எங்கே, இடுப்பு எப்போது வலிக்கிறது, பை எத்தனை மணிக்குப் போதாமல் போகிறது எல்லாம் தெரிந்துவிடும். சிமென்ட் தளம் மலை மண்ணைவிடக் கடினம். அதில் தூங்க முடிந்தால் எங்கேயும் தூங்கலாம். முடியவில்லையென்றால் படி இறங்கிப் போய் மெத்தையில் படுத்துக்கொள்ளலாம், மேட்டை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி ஏறலாம்.

திரும்பி வந்த அன்றே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், டென்ட்டை உதறிக் கொடியில் நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டிப் பரணில் போட்டால் மூன்றே நாளில் பூசணம் பிடிக்கும், உள்பூச்சு பிசுபிசுவென்று உரியத் தொடங்கும். ஆறு மாதம் கழித்து அதைப் பிரிக்கிறவர் முதலில் சொல்வது 'ஐயே, நாத்தம்' என்பதாகத்தான் இருக்கும், அவர் அதற்குள் படுக்க மாட்டார்.